கொட்டாவி விட்டால் கை தூக்குகிறது, பூ கட்டச் சொன்னால் விரல் வரவில்லை: அம்மா நடிக்கிறாரா?

நிலக்கோட்டையான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 61 வயது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது, நாங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கையும் காலும் ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டன. பக்கவாதம், ஸ்ட்ரோக். முதலில் கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஸ்கேன் வசதி இல்லை, அங்கிருந்து அடுத்த இடம் போய்ச் சேர்வதற்குள் ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். அது தனிக்கதை, அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வராது, விடுங்கள்.

ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது: லெஃப்ட் இன்டர்னல் கேப்சூல், போஸ்டீரியர் லிம்ப், இன்ஃபார்க்ட், அதாவது மூளைக்குள் அந்த இடம் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போயிருக்கிறது. படத்தில் காட்டினார்கள், ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். இத்தனூண்டு இடத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் விழுமா என்று அப்போதே கேட்டேன், டாக்டர் அவசரத்தில் இருந்தார்.

இப்போது கேட்க வந்தது வேறு. அம்மா நாற்பது வருடமாகப் பூ கட்டுகிறவர். சீரியல் பார்த்துக்கொண்டே கட்டுவார், கையைப் பார்க்கவே மாட்டார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நார் விரலைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு கண்ணி விழும், நாம் பேசி முடிப்பதற்குள் ஒரு முழம் மடியில் கிடக்கும். இன்றைக்கு நடக்கிறார், காலை வட்டமாகச் சுழற்றி இழுத்துத்தான் என்றாலும் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். தோளைப் பாதி தூக்குகிறார். விரல் மட்டும் வரவில்லை. மடக்கச் சொன்னால் ஐந்தும் சேர்ந்து மடங்குகின்றன, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சேர்ந்து ஒரு மொட்டை எடுக்க வேண்டுமென்றால் நடக்காது.

ஆனால் கொட்டாவி விடும்போது பாருங்கள், அதே வலது கை தானாக மார்பு உயரத்துக்கு எழும்புகிறது. கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று மடியில் விழுகிறது. எங்கள் அத்தை இதைப் பார்த்துவிட்டு, "கையில பலம் இருக்கு, மனசுலதான் இல்ல, வேலைக்குப் பயந்து நடிக்குது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்னொன்று, பல்லைக் காட்டுங்கள் என்றால் வாய் கோணுகிறது, என் பையன் சேட்டை செய்தால் சிரிக்கிற சிரிப்பு கிட்டத்தட்ட நேராக வருகிறது. அம்மாவே பயந்துபோய், "எனக்கு நிஜமாவே மனசுல ஏதும் கோளாறாடா?" என்று கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முகுளம்:

நரம்பியல் படித்துக்கொண்டிருக்கிறேன், வார்டில் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஒன்று: உங்கள் அம்மா நடிக்கவில்லை. நடிக்கிறவரால் நீங்கள் எழுதியிருக்கிற மூன்றையும் இவ்வளவு சரியாகச் சேர்த்து நடிக்கவே முடியாது, அதற்கு நியூரோ அனாட்டமி தெரிந்திருக்க வேண்டும்.

பட்டாணி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மூளையின் மேல்பரப்பில், அதாவது புறணியில், இரண்டு காதுக்கும் நடுவே ஒரு ஹேர்பேண்ட் போட்ட மாதிரி இயக்கப் பகுதி இருக்கிறது. முகத்துக்கு, கைக்கு, காலுக்கு என்று தனித்தனி இடம். கைக்கும் வாய்க்கும் மட்டும் பெரிய இடம், முதுகு முழுவதற்கும் சேர்த்துச் சின்ன இடம். இங்கிருந்து கிளம்புகிற நரம்பிழைகள் எல்லாம் கீழே இறங்கும்போது ஒரு குறுகலான இடுக்கு வழியாகப் போயாக வேண்டும். அதுதான் இன்டர்னல் கேப்சூல். கண்மாய் எவ்வளவு பெரிதானாலும் மடை ஒன்றுதான் இல்லையா, மடையில் ஒரு கல் சிக்கினால் ஆயக்கட்டு முழுக்கக் காயும். மேலே புறணியில் ஒரு பட்டாணி அளவு போயிருந்தால் ஒருவேளை கை மட்டும் பலவீனமாகியிருக்கும். மடையில் போனதால் முகம், கை, கால் மூன்றும் சேர்ந்து விழுந்தன. அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் மிடில் செரிபிரல் ஆர்ட்டரி என்கிற மூளைத் தமனியிலிருந்து பிரிகிற நூல் மாதிரிக் குழாய்கள், பல வருட ரத்த அழுத்தத்தில் முதலில் கெட்டுப்போவதும் அவைதான். அம்மாவுக்கு பிரஷர் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இழைகள் அங்கிருந்து மூளைத்தண்டுக்குள் புகுந்து, நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று அதன் மூன்று பகுதிகள் வழியாக இறங்குகின்றன. முகுளத்தின் முன்பக்கம் இரண்டு மேடுகள் இருக்கும், பிரமிட் என்று பெயர், ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் இழைகள். அதன் அடிப்பகுதியில் பெரும்பாலான இழைகள், 75லிருந்து 90 சதவீதம், எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. இடது மூளைக்கு வலது கை என்பது இந்தத் தாண்டலால்தான். 1710-இல் நாமூரில் பிரெஞ்சுப் படையின் மருத்துவராக இருந்த பூர்ஃபூர் டு பெட்டி என்பவர் தலையில் ஒரு பக்கம் அடிபட்ட சிப்பாய்களுக்கு மறுபக்கக் கைகால் விழுவதைப் பார்த்து, முகுளத்தை அறுத்துப் பார்த்து இந்தக் குறுக்கு வழியை எழுதிவைத்தார். அதற்கு முந்தைய வருடம் இத்தாலியில் மிஸ்டிகெல்லி என்ற மருத்துவரும் எழுதியிருக்கிறார். மைக்ரோஸ்கோப்பில் நரம்பிழையைச் சாயமேற்றிப் பார்க்கிற காலமெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால்!

தாண்டிய இழைகள் தண்டுவடத்தின் பக்கவாட்டில் இறங்கி, அங்கே இருக்கிற இரண்டாவது நரம்பணுவுக்குச் செய்தியைக் கொடுக்கும், அது தசைக்குக் கொண்டுபோகும். உங்கள் அம்மாவின் தசையும் இரண்டாவது நரம்பணுவும் நன்றாகவே இருக்கின்றன. அறுந்தது மேல் வழி. இதுதான் முக்கியம், ஏனென்றால் தண்டுவடத்துக்கு இறங்குகிற வழி இது ஒன்று மட்டும் இல்லை.

மூளைத்தண்டிலிருந்தே கிளம்பி இறங்குகிற பழைய வழிகள் இருக்கின்றன. ரெட்டிகுலோஸ்பைனல் என்று ஒன்று, உடம்பை நிமிர்த்தி வைப்பது, நடை, தோள், இடுப்பு எல்லாம் அதன் பொறுப்பு, அதுவும் ஒரு பக்கத்தோடு நிற்காமல் இரண்டு பக்கத்துக்கும் போகிறது. வெஸ்டிபுலோஸ்பைனல் உள்காதின் சமநிலைச் செய்தியை வாங்கிக் கால்களை விறைப்பாக வைத்துக்கொள்ளும், நாம் தடுக்கி விழப்போகும்போது நினைப்பதற்கு முன்னால் கால் ஊன்றுகிறதே, அதில் இதற்குப் பெரிய பங்கு. இவையெல்லாம் மடைக்குக் கீழே இருந்து கிளம்புகிறவை. அதனால்தான் அம்மாவுக்கு நடை திரும்பியது, தோள் பாதி திரும்பியது. ஆனால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் பிரித்து ஆட்டுகிற வேலையைப் புறணியிலிருந்து நேரே வருகிற அந்த ஒரு வழியால்தான் சரியாகச் செய்ய முடியும். மல்லிகை மொட்டு எடுப்பது அந்த வழிக்கான சோதனைத் தேர்வு என்றே சொல்லலாம்.

இதைக் குரங்குகளில் அப்படியே காட்டியிருக்கிறார்கள். 1968-இல் லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இருவர் ரீசஸ் குரங்குகளுக்கு இரண்டு பக்கப் பிரமிடையும் வெட்டிப் பார்த்தார்கள் (இன்றைக்கு இதைச் செய்ய அனுமதி கிடைக்குமா என்பது வேறு விஷயம்). குரங்குகள் சீக்கிரமே உட்கார்ந்தன, ஓடின, கூண்டில் ஏறின. ஆனால் சின்னக் குழியில் வைத்த உணவை விரலால் நோண்டி எடுக்க முடியவில்லை, எல்லா விரலும் சேர்ந்துதான் மடங்கின, கடைசி வரை அது திரும்பவே இல்லை. அதைவிட விசித்திரம், கையில் பிடித்த உணவை விடுவதற்குத் திணறிய அதே குரங்கு, கூண்டுக் கம்பியில் ஏறும்போது பிடியைச் சாதாரணமாக விட்டு விட்டுப் பிடித்தது. கை அதே கைதான், கம்பி ஏறும்போது ஆணை வேறு வழியாக வருகிறது. உங்கள் அத்தை அந்தக் குரங்கைப் பார்த்திருந்தால் அதுவும் நடிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

கொட்டாவியும் அப்படித்தான். கொட்டாவி புறணியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, மூளைத்தண்டு வட்டாரத்துச் சமாச்சாரம். அங்கே எழுகிற அந்த இழுப்பு பழைய வழிகளில் இறங்கிக் கையைத் தூக்கிவிடுகிறது, மேலிருந்து அடக்குகிற ஆள் இல்லாததால் அது வெளியே தெரிகிறது என்பதுதான் இப்போது சொல்லப்படுகிற விளக்கம். 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே இதைக் குறித்திருக்கிறார்கள், 2005-இல் வாலுசின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் பாராகைனீசியா பிராக்கியாலிஸ் ஆஸிட்டன்ஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார். அத்தையிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், பெயர் இருக்கிற வியாதி என்றால் நம்புவார்கள்.

சிரிப்பும் இதே கதை. சொன்னதற்காகப் பல்லைக் காட்டுவது புறணி வழி. பேரனைப் பார்த்து வருகிற சிரிப்பு உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து வேறு வழியில் முகநரம்பின் கருவுக்குப் போகிறது. அந்த வழி தப்பித்திருக்கிறது.

அனாட்டமி அரியர்:

முகுளம் அண்ணா, செம. நான் எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம், பெயரைப் பார்த்தால் என் நிலைமை புரியும். ஒன்று சேர்க்கலாமா? கேட்டவர் நெற்றியைப் பற்றி எழுதவில்லை, ஆனால் அம்மாவால் இரண்டு புருவத்தையும் தூக்க முடிகிறது என்றுதான் நினைக்கிறேன். மேல்முகத்துக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் இழை வரும், கீழ்முகத்துக்கு முக்கியமாக எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வரும். அதனால் ஸ்ட்ரோக்கில் வாய் கோணும், நெற்றி தப்பிக்கும். நெற்றியும் சேர்ந்து விழுந்து கண்ணும் மூடவில்லை என்றால் பெரும்பாலும் முகநரம்பிலேயே கோளாறு, பெல்ஸ் பால்ஸி. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதை என்னிடம் கேட்டு நான் தலைகீழாகச் சொன்னேன், அதனால் இந்த ஜென்மத்துக்கு மறக்காது.

அப்புறம் கார்ட்டிகோஸ்பைனல் டிராக்ட், அதாவது அண்ணா சொன்ன புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிற வழி, முழுவதும் பெட்ஸ் செல்லிலிருந்துதான் கிளம்புகிறது, அந்தப் பெரிய செல்கள் செத்தால்தான் இப்படி ஆகும் என்று படித்தேன், அதையும் எழுதிவிடுங்கள். பிரமிடல் இல்லாத மற்ற எல்லா வழியையும் எக்ஸ்ட்ராபிரமிடல் என்று சொல்லலாம்தானே?

முகுளம்:

நெற்றி சரி. பெட்ஸ் தவறு தம்பி, இந்த ஒரு வரியை யார் எந்த நோட்ஸில் எழுதிவைத்தார்களோ, ஒவ்வொரு பேட்ச்சும் அதையே ஒப்பிக்கிறது. கீவ் நகரத்து பெட்ஸ் 1874-இல் அந்த ராட்சத செல்களை விவரித்தார், பார்க்க அழகாக இருப்பதால் பெயர் நின்றுவிட்டது. ஒரு பக்கத்துக்கு 30,000 சொச்சம் பெட்ஸ் செல்கள்தான், பிரமிடிலோ 10 லட்சம் இழைகள். கணக்குப் போட்டால் 3 சதவீதம். மீதியெல்லாம் சாதாரண அளவு செல்களிலிருந்து வருபவை, இயக்கப் பகுதி மட்டுமில்லை, அதற்கு முன்னால் இருக்கிற திட்டமிடும் பகுதியிலிருந்தும், பின்னால் தொடு உணர்ச்சிப் பகுதியிலிருந்தும் வருகின்றன. உணர்ச்சிப் பகுதியிலிருந்து ஏன் இறங்க வேண்டும் என்று யோசித்தால் சுவாரசியமானது: கை அசையும்போது மேலே வருகிற தகவலை எவ்வளவு உள்ளே விடுவது என்று வாசலில் நின்று வடிகட்டுவதற்கு. செல் சாகவே வேண்டாம், இங்கே செல் மேலே பத்திரமாக இருந்தும் அதன் வால் நடுவழியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

எக்ஸ்ட்ராபிரமிடல் என்ற சொல்லை மாத்திரையின் பக்கவிளைவு பேசும்போது மட்டும் வைத்துக்கொள். பார்க்கின்சனில் கெடுகிற, மூளையின் ஆழத்தில் இருக்கிற பேசல் கேங்லியா தண்டுவடத்துக்கு நேர் வழி எதுவும் அனுப்புவதில்லை, பெரும்பாலும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் புறணிக்கே திருப்பித்தான் பேசுகிறது. அதையும் ரெட்டிகுலோஸ்பைனலையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டும் புரியாது. நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிற ரூப்ரோஸ்பைனல் என்ற இன்னொரு வழியைப் பற்றி நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், பூனையில் பெரியது, மனிதனில் ரொம்பச் சின்னது, அதை நம்பி மார்க் வாங்கலாம், நோயாளியை எழுப்ப முடியாது.

சுத்தியல்காரி:

பதினோரு வருடமாக பிசியோவாக இருக்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அம்மாவுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

நிலக்கோட்டையான், முதல் இரண்டு வாரம் கை துணி மாதிரி தொளதொளவென்று இருந்து, அப்புறம் மெல்ல இறுகத் தொடங்கியிருக்கும். முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்ளே வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மாட்டிக்கொள்ளும், கால் மட்டும் எதிர்மாறாக விறைத்து நீளும், அதனால்தான் மடக்க முடியாமல் வட்டம் போட்டு நடக்கிறார். மேலிருந்து அடக்குகிற வழி போனதும் பழைய வழிகள் தம் இஷ்டத்துக்குத் தசையை முறுக்குகின்றன. டாக்டர் உள்ளங்காலில் சுத்தியலின் கூர்முனையாலோ சாவியாலோ ஒரு கோடு இழுத்திருப்பார், பெருவிரல் மேலே எழும்பியிருக்கும். 1896-இல் பாரிஸில் பாபின்ஸ்கி கண்டு சொன்ன அடையாளம் அது. கைக்குழந்தைக்கும் அப்படித்தான் எழும்பும், அவர்களுக்கு இந்த வழியின் உறை இன்னும் முழுதாக மூடவில்லை, நடக்கிற வயது தாண்டும்போது மாறிவிடும்.

வீட்டில் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு இரண்டு. ஒன்று, ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கு அமுக்கு என்பது. மடங்குவதுதான் ஏற்கெனவே அளவுக்கு மேல் வருகிறதே, அதையே ஏன் வளர்க்க வேண்டும்? வர வேண்டியது விரல் நீட்டுவது. இரண்டாவது, படுக்கையிலிருந்து தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பது, தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், இழுத்தால் வலி வந்து மாதக்கணக்கில் பயிற்சியே நின்றுபோகும். அக்குளுக்குக் கீழே தாங்கித் தூக்குங்கள்.

பூவை விடாதீர்கள், அதைத்தான் பயிற்சியாக வைப்பேன். மல்லிகையில் தொடங்க வேண்டாம், அது அவர்களையே அழவைக்கும். செவ்வந்தி வாங்குங்கள், பெரிதாக இருக்கும். வலது கையால் தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றட்டும், எடுப்பதைவிட விடுவதுதான் கஷ்டமாக இருக்கும் (அந்தக் குரங்கு!). முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை நீங்கள் கொஞ்சம் தாங்கிக்கொண்டால் விரல் திறப்பது சற்று வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எல்லாம் போதவே போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும், அதுவும் பேசிக்கொண்டே, சீரியல் ஓட ஓட. இறுக்கம் ரொம்ப அதிகமென்றால் பொட்டுலினம் ஊசி போடுகிறார்கள், இறுக்கம் இளகும், ஆனால் ஊசி விரலைப் பிரித்து ஆட்டாது, போட்ட பிறகு பயிற்சி செய்யவில்லையென்றால் காசுதான் போகும்.

எவ்வளவு திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நாலு மாதத்தில் ஒரு விரலாவது சற்று நீண்டால் எனக்கு நம்பிக்கை வரும். நீளுகிறதா என்று எழுதுங்கள்.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு வருசம், அவருக்கும் கொட்டாவிக்குக் கை எழும்பும். நாங்கள் முதல் தரம் கண்டபோது அம்மா சந்தோசத்தில நேர்த்தி வைச்சுக் கோயிலுக்குப் போயிட்டா, பிறகு டொக்டர் விளங்கப்படுத்தின பிறகு வீடே செத்த வீடு மாதிரிக் கிடந்தது. ஆனபடியால் ஒரு விசயம் சொல்ல வேணும், கொட்டாவிக்குக் கை எழும்புறதைக் குணமாகிற அடையாளம் எண்டும் எடுக்காதேங்கோ, நடிப்பு எண்டும் எடுக்காதேங்கோ. அப்பா இப்ப இடது கையால் எழுதுறார், கோழிக்குத் தீன் போடுறது மட்டும் பிடிவாதமாய் வலது கையால்தான், அரைவாசி அவற்றை காலிலதான் விழும், கோழியள் காலைக் கொத்தும்.

முகுளம்:

ஒன்று விட்டுப்போனது. பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: வாய் கோணினாலோ, ஒரு கை திடீரென்று விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, அந்த நிமிடம் மணி என்ன என்று பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள், சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். கட்டி கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான், அதிலும் முதல் ஒரு மணி நேரத்துக்கு இருக்கிற மதிப்பு கடைசி ஒரு மணி நேரத்துக்குக் கிடையாது. நிலக்கோட்டையான், உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை.

நிலக்கோட்டையான்:

புரிகிறது, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரஷர் பத்து வருடமாக இருக்கிறது, தலைசுற்றுகிறது என்று மாத்திரையை நடு நடுவே விட்டிருக்கிறார், எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது.

நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். மடை கதை உடனே புரிந்துவிட்டது, தோட்டம் வைத்திருந்தவர்தானே. நெற்றி இரண்டு பக்கமும் சுருங்குகிறது, அரியர் தம்பி பாஸ். இன்று காலையில் கால் கிலோ செவ்வந்தி வாங்கிவந்து தட்டில் கொட்டினேன். முப்பத்தி நாலு பூ மாற்றினார், அதில் பாதி தட்டுக்கு வெளியே. நடுவிரல் கொஞ்சம் நீளுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது, ஆசையில் தெரிந்ததா நிஜமா என்று சொல்ல முடியவில்லை, வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், சுத்தியல்காரி அக்காவுக்குத் தனியாக அனுப்புகிறேன். பிறகு அம்மாவே நாரின் ஒரு முனையை வலது முழங்கைக்குக் கீழே அழுத்திக்கொண்டு, பல்லாலும் இடது கையாலும் நாலு கண்ணி போட்டுவிட்டு, "இதைப் போய் எவன் முழம் இருபதுக்கு வாங்குவான்" என்று தூக்கிப்போட்டார்.

அத்தையிடம் குரங்கு ஆராய்ச்சியை விளக்கிச் சொன்னேன். "எங்க அண்ணியைக் குரங்குன்னா சொல்றே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். இப்போது தெருவில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.